தாய்மொழியில் ஆசி கேட்ட வீரர்

பேஸ்பால் என்றதும் நம்மில் பலருக்கு நினைவுக்கு வருவது தொப்பியும் ஹாலிவூட் படக் காட்சிகளும்தான். பள்ளி நாட்களில் சாஃப்ட்பால் ஆடிய தோழிகள் வேண்டுமானால் விதிமுறைகளைக் கொஞ்சம் அறிந்திருப்பார்கள். காற்பந்தும் பூப்பந்தும் கோலோச்சும் நம் நாட்டில், அமெரிக்காவில் ஆடிய ஒரு பேஸ்பால் வீரரைப் பற்றித் தமிழில் எழுத வேண்டிய தேவை என்ன என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். கரும்புத் தோட்டத் தொழிலாளர்கள் நடுவே பிறந்தவர் அவர். வேற்று மொழி பேசுவோர் மத்தியில் 18 பருவங்கள் விளையாடினார். தம் பெயரையும் தாய்மொழியையும் கடைசிவரை விட்டுக்கொடுக்கவில்லை. 38 வயதில் மறைந்தார். அவர் பெயர் ரொபெர்த்தோ கிளெமெந்தே.

கரீபியன் கடலில் உள்ள புவெர்ட்டோ ரிக்கோ தீவின் கரோலினா எனும் ஊரில், 1934ஆம் ஆண்டு ஆகஸ்டு 18ஆம் நாள் அவர் பிறந்தார். ஏழு பிள்ளைகளில் இவரே கடைக்குட்டி. தந்தை மெல்சோர் கரும்புத் தோட்டத்தில் வேலையாட்களை மேற்பார்வையிடுபவர். நம் தோட்டப்புற வழக்கில் சொல்வதென்றால் கங்காணி. தாயார் லூயிசா. வசதியான குடும்பம் அல்ல. கொய்யா மரக் கிளையை மட்டையாகவும் கந்தல் துணியை உருட்டிப் பந்தாகவும் வைத்து விளையாடிய சிறுவன் அவர் என்று சொல்வார்கள். கித்தாக் காட்டில் தேங்காய் மட்டையை வைத்துக்கொண்டு விளையாடிய கதைகளை நம் தாத்தாமார் சொல்லக் கேட்டவர்களுக்கு இது புதிதாகத் தோன்றாது. உயர்நிலைப் பள்ளியில் அவர் ஈட்டியெறிதலிலும் சிறந்து விளங்கினார். பிற்காலத்தில் மைதானத்தின் எல்லையிலிருந்து அவர் எறியும் பந்து அம்புபோல வந்து சேர்ந்ததற்கு அந்த ஈட்டிதான் காரணம் என்பர்.

புவெர்ட்டோ ரிக்கோ 1898 முதல் அமெரிக்காவின் ஆளுகையில் இருக்கும் தீவு. 1917 முதல் அத்தீவு மக்கள் அமெரிக்கக் குடிமக்கள். ஆனால் அவர்களுடைய மொழி ஸ்பானியம். சட்டப்படி சொந்த நாட்டில் இருந்தாலும் பழக்கத்தில் அந்நியராகவே நடத்தப்பட்டார்கள். இதை மனத்தில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

1952இல் சான்துர்சே எனும் உள்ளூர்க் குழுவில் சேர்ந்த கிளெமெந்தேயை அமெரிக்காவின் புரூக்ளின் டாட்ஜர்ஸ் குழு 1954ஆம் ஆண்டு 10,000 டாலர் ஊக்கத்தொகை கொடுத்து ஒப்பந்தம் செய்தது. பிறகு அவரைக் கனடாவின் மொன்ட்ரியால் நகரில் இருந்த தன் இரண்டாம் நிலைக் குழுவுக்கு அனுப்பியது. அக்காலத்தில் ஒரு விதிமுறை இருந்தது. 4,000 டாலருக்குமேல் ஊக்கத்தொகை பெற்ற வீரரை முதன்மைக் குழுவில் வைத்துக்கொள்ளாவிட்டால், ஆண்டு முடிவில் வேறொரு குழு அவரை எடுத்துக்கொள்ளலாம். பட்டியலின் கடைசி இடத்தில் கிடந்த பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் குழுவுக்கு முதலில் தேர்ந்தெடுக்கும் உரிமை கிடைத்தது. 1954 நவம்பரில் அது கிளெமெந்தேயைத் தேர்ந்தெடுத்தது. அவர் வேறு எந்தக் குழுவுக்கும் போகவில்லை. 1955 முதல் 1972 வரை பிட்ஸ்பர்க்கிலேயே ஆடினார்.

அமெரிக்காவின் தெற்கு மாநிலங்களில் நிறவேற்றுமை சட்டமாகவே இருந்த காலம் அது. ஃபுளோரிடாவில் பயிற்சிக்குச் செல்லும்போது வெள்ளை வீரர்கள் உணவகத்தில் இறங்கிச் சாப்பிடுவார்கள். கறுப்பு வீரர்கள் பேருந்திலேயே காத்திருக்க வேண்டும். கிளெமெந்தே இந்த அவமானத்தைப் பொறுத்துக்கொள்ளவில்லை. கறுப்பு வீரர்களுக்குத் தனி வாகனம் வேண்டும் என்று நிர்வாகத்திடம் போராடிப் பெற்றார்.

மொழி இன்னொரு முள். பத்திரிகையாளர்கள் அவருடைய ஆங்கிலத்தை அவர் உச்சரித்தபடியே எழுத்துக்கூட்டி அச்சிட்டார்கள். படிப்பவர்கள் சிரிக்க வேண்டும் என்பதே நோக்கம். இலக்கணப் பிழையோடு பேசிய வெள்ளை வீரர்களின் ஆங்கிலம் மட்டும் அச்சில் திருத்தமாக வந்தது. ரொபெர்த்தோ என்ற பெயரும் அவர்கள் வாயில் நுழையவில்லை. பாப் என்றும் பாபி என்றும் சுருக்கினார்கள். வீரர்களின் படம் அச்சிட்ட சேகரிப்பு அட்டைகளில்கூடப் பல ஆண்டுகள் பாப் கிளெமெந்தே என்றே இருந்தது. என் பெயர் ரொபெர்த்தோ என்று அவர் திருத்திக்கொண்டே இருந்தார்.

தமிழ்ப்பள்ளியில் ஆறாண்டுகள் படித்துவிட்டு, புகுமுக வகுப்பு வழியாகத் தேசிய இடைநிலைப்பள்ளிக்குள் நுழைந்தவர்களுக்கு இந்த இடம் விளங்கும். என் மலாய் உச்சரிப்பைக் கேட்டு வகுப்பே சிரித்த நாட்கள் உண்டு. என் பெயரின் முதல் பாதியை மட்டும் வைத்து வருகைப் பதிவேட்டில் கூப்பிட்ட ஆசிரியரும் உண்டு. நான் ஒன்றும் சொல்லாமல் கையை உயர்த்தினேன். கிளெமெந்தே கையை மட்டும் உயர்த்தியவர் அல்லர்.

இனி விளையாட்டுக்கு வருவோம். அமெரிக்க பேஸ்பாலில் இரண்டு லீக்குகள் உண்டு. ஒவ்வொரு குழுவும் ஏப்ரல் முதல் செப்டம்பர் இறுதிவரை நூற்றைம்பதுக்கும் மேற்பட்ட ஆட்டங்கள் ஆடும். அக்காலத்தில் ஒவ்வொரு லீக்கிலும் முதலிடம் பெற்ற குழு நேராக உலகத் தொடர் எனும் இறுதிச் சுற்றுக்குச் செல்லும். முதலில் நான்கு ஆட்டங்களை வெல்லும் குழுவுக்கே கிண்ணம். மட்டையாளர் பந்தை அடித்துவிட்டு, எதிரணியின் தவறு ஏதுமின்றி, பாதுகாப்பாக ஒரு தளத்தை அடைந்தால் அது ஒரு ஹிட். பத்து முறை மட்டை பிடித்து மூன்று ஹிட் எடுத்தாலே அவர் சிறந்த ஆட்டக்காரர். ஏழு முறை தோற்றாலும் கொண்டாடப்படும் விளையாட்டு உலகில் வேறு உண்டா என்று தெரியவில்லை!

1960இல் பைரேட்ஸ் உலகத் தொடருக்குள் நுழைந்தது. எதிரணி நியூயார்க் யாங்கீஸ், அந்நாளைய ஜாம்பவான்கள். ஏழு ஆட்டங்களிலும் சேர்த்து யாங்கீஸ் 55 ஓட்டங்கள் எடுத்தது. பைரேட்ஸ் எடுத்ததோ 27. ஆனாலும் கிண்ணம் பிட்ஸ்பர்க்குக்கே வந்தது. அக்டோபர் 13ஆம் நாள் நடந்த ஏழாவது ஆட்டத்தில், கடைசி இன்னிங்சில் பில் மாசெரோஸ்கி அடித்த ஹோம் ரன்னால் 10-9 என்று முடிந்தது. அந்த அடி இன்றுவரை பேசப்படுகிறது. அதற்கு முந்திய எட்டாவது இன்னிங்சில் நடந்ததைப் பேசுவோர் குறைவு. கிளெமெந்தே அடித்த பந்து மெதுவாக உருண்டது. பார்ப்பதற்கு ஒன்றுமில்லாத அடி. எதிரணிப் பந்து வீச்சாளர் முதல் தளத்தைக் காக்க ஓடி வருவதற்குள் கிளெமெந்தே அங்கே போய்ச் சேர்ந்துவிட்டார். ஓர் ஓட்டமும் கிடைத்தது, இன்னிங்ஸும் முடியாமல் நீண்டது. அடுத்து வந்த ஹால் ஸ்மித்தின் ஹோம் ரன் மேலும் மூன்று ஓட்டங்களைத் தந்தது. கிளெமெந்தே அன்று அடித்து ஓடாமல் அசட்டையாக நடந்திருந்தால் மாசெரோஸ்கியின் பெயரை யாரும் நினைவில் வைத்திருக்க மாட்டார்கள் என்பது என் எண்ணம்.

அந்தத் தொடரின் ஏழு ஆட்டங்களிலும் அவர் ஹிட் எடுத்தார். இருந்தும் அவ்வாண்டின் சிறந்த வீரர் விருதுக்கான பத்திரிகையாளர் வாக்கெடுப்பில் எட்டாம் இடமே கிடைத்தது. விருது அவருடைய குழுவைச் சேர்ந்த டிக் க்ரோட்டுக்குச் சென்றது. விருது கிடைக்காதது அல்ல, எட்டாம் இடம் என்பதுதான் அவரைச் சுட்டது. 1960ஆம் ஆண்டின் வெற்றி மோதிரத்தை அவர் அணிவதில்லை என்று சொல்வார்கள்.

கோபத்தை அவர் மட்டையில் காட்டினார். 1961, 1964, 1965, 1967 என நான்கு முறை தம் லீக்கின் மிகச் சிறந்த மட்டையாளர் பட்டம் வென்றார். 1961 முதல் 1972 வரை தொடர்ந்து பன்னிரண்டு ஆண்டுகள் தடுப்பாட்டத்துக்கான தங்கக் கையுறை விருது பெற்றார். 1966இல் சிறந்த வீரர் விருதும் வந்து சேர்ந்தது. 1964 நவம்பரில் தம் ஊர்ப் பெண்ணான வேராவை மணந்தார். மூன்று ஆண் பிள்ளைகள். பிட்ஸ்பர்க்கில் வாழ்ந்த காலத்திலும் மூவரும் புவெர்ட்டோ ரிக்கோ மண்ணில்தான் பிறக்க வேண்டும் என்பதில் அவர் பிடிவாதமாக இருந்தார்; அப்படியே நடந்தது.

ஆனால் அக்டோபர் மாத ஆட்டங்கள் பத்தாண்டுகள் அவரைத் தேடி வரவில்லை. இதற்கிடையே போட்டியின் அமைப்பும் மாறியது. 1969இல் ஒவ்வொரு லீக்கும் கிழக்கு, மேற்கு என இரண்டாகப் பிரிக்கப்பட்டது. இரு பிரிவிலும் முதலிடம் பெற்ற குழுக்கள் லீக் வெற்றியாளர் தொடர் எனும் புதிய சுற்றில் மோத வேண்டும். வென்றவருக்கே உலகத் தொடர். நம் நாட்டில் லீக் ஆட்டங்கள் முடிந்த பிறகு மலேசியக் கிண்ணத்துக்காகக் குழுக்கள் மீண்டும் மோதியதை நினைத்துக்கொண்டால் விளங்கும். இந்தப் புதிய சுற்றில் ஐந்து ஆட்டங்கள் மட்டுமே. மூன்றை வென்றால் போதும். 1985இல்தான் இது ஏழாக்கப்பட்டது. ஆறு மாதம் உழைத்துச் சேர்த்த பெயரை ஐந்து நாளில் இழக்கலாம் என்பதால் வீரர்கள் உலகத் தொடரைவிட இதற்கே அதிகம் அஞ்சினார்கள் என்று கூறுவதுண்டு. 1970இல் பைரேட்ஸ் இந்தச் சுற்றில் சின்சினாட்டி ரெட்ஸ் குழுவிடம் மூன்று ஆட்டங்களிலும் தோற்றது.

1971 வேறு கதை. அவ்வாண்டு செப்டம்பர் 1ஆம் நாள் பைரேட்ஸ் களமிறக்கிய ஒன்பது பேரும் கறுப்பின, லத்தீன் அமெரிக்க வீரர்களாகவே இருந்தார்கள். முதன்மை லீக் வரலாற்றில் அதுவே முதல் முறை. அக்டோபரில் சான் பிரான்சிஸ்கோ ஜயன்ட்ஸ் குழுவை 3-1 என வென்று உலகத் தொடருக்குள் நுழைந்தார்கள். எதிரணி பால்டிமோர் ஓரியோல்ஸ். முதல் இரண்டு ஆட்டங்களும் தோல்வி. பிட்ஸ்பர்க் திரும்பி அடுத்த மூன்றையும் வென்றார்கள். ஆறாவதில் மீண்டும் தோல்வி. அக்டோபர் 17ஆம் நாள் ஏழாவது ஆட்டத்தில் கிளெமெந்தே ஹோம் ரன் அடித்து முதல் ஓட்டத்தைத் தந்தார். 2-1 என்று கிண்ணம் வந்தது. இம்முறையும் ஏழு ஆட்டங்களிலும் அவர் ஹிட் எடுத்திருந்தார். மொத்தம் 12 ஹிட்டுகள், சராசரி 0.414. 37 வயதில், தொடரின் சிறந்த வீரர் விருது அவருக்கே.

ஆட்டம் முடிந்ததும் உடைமாற்றும் அறையில் தொலைக்காட்சிக் கேமராக்கள் அவரைச் சூழ்ந்தன. நாடே பார்த்துக்கொண்டிருந்தது. பதினேழு ஆண்டுகளாக எந்த ஆங்கிலத்துக்காக அவரைக் கேலி செய்தார்களோ அந்த ஆங்கிலத்தில் பேட்டி தொடங்கியது. அவர் ஆங்கிலத்தில் மறுமொழி கூறும் முன், தம் பெற்றோரிடம் ஸ்பானிய மொழியில் ஒன்று சொல்ல வேண்டும் என்று அனுமதி கேட்டார். பிறகு, தம் வாழ்வின் மிகப் பெரிய நாள் இது என்று கூறி, தம் பிள்ளைகளுக்கு ஆசி வழங்கினார், தம் பெற்றோரிடம் தமக்கு ஆசி கேட்டார். வீட்டுக்குள் நுழையும்போதும் புறப்படும்போதும் பெரியவர்களிடம் ஆசி கேட்பது அத்தீவு மக்களின் வழக்கம். காலில் விழுந்து ஆசி பெறும் வழக்கமுள்ள நமக்கு இதை விளக்கத் தேவையில்லை. அமெரிக்கா முழுவதும் பார்த்த ஒரு நிகழ்ச்சியில் ஸ்பானியம் ஒலித்ததைக் கேட்ட லத்தீன் மக்கள் வீடுகளில் அழுதார்கள் என்று எழுதியிருக்கிறார்கள். சில விநாடிகள்தாம். ஆனால் அவர் அடித்த ஹோம் ரன்னைவிட எனக்கு அதுவே பெரிதாகப் படுகிறது.

அவர் வாழ்வின் கடைசிப் பருவம் 1972. காயங்களால் பல ஆட்டங்களில் ஆட முடியவில்லை. 3,000 ஹிட்டுகளை எட்ட அவ்வாண்டுத் தொடக்கத்தில் இன்னும் 118 தேவைப்பட்டன. செப்டம்பர் 30ஆம் நாள் நியூயார்க் மெட்ஸ் குழுவின் ஜான் மேட்லாக் வீசிய பந்தை அடித்து 3,000த்தைத் தொட்டார். அவருக்கு முன் பத்துப் பேரே அந்த எண்ணை எட்டியிருந்தார்கள். அதன் பிறகு அவர் எடுத்த ஹிட்டுகள் இந்தக் கணக்கில் சேரவில்லை. லீக் வெற்றியாளர் தொடரிலும் உலகத் தொடரிலும் எடுப்பவை தனிக் கணக்கு. ஆகவே அவர் பெயருக்கு நேராக இன்றும் சரியாக 3,000 என்றே இருக்கிறது.

அந்தத் தனிக் கணக்கின் கடைசிப் பக்கம் அக்டோபர் 7ஆம் நாள் தொடங்கியது. எதிரணி மறுபடியும் சின்சினாட்டி ரெட்ஸ். முதல் ஆட்டம் பிட்ஸ்பர்க்குக்கு, இரண்டாவது சின்சினாட்டிக்கு, மூன்றாவது மீண்டும் பிட்ஸ்பர்க்குக்கு. நான்காவதில் 7-1 என்று படுதோல்வி. அந்த ஒற்றை ஓட்டமும் கிளெமெந்தேயின் ஹோம் ரன்னால் வந்தது. தொடர் முழுவதும் அவருக்கு 17 வாய்ப்புகளில் நான்கு ஹிட்டுகள்தான். ஓராண்டுக்கு முன் கண்ட கிளெமெந்தே இவரல்லர் என்றே சொல்ல வேண்டும்.

அக்டோபர் 11, ஐந்தாவது ஆட்டம், சின்சினாட்டி. ஒன்பதாவது இன்னிங்சின் பிற்பாதி தொடங்கும்போது பைரேட்ஸ் 3-2 என முன்னணியில் இருந்தது. இன்னும் மூன்று பேரை வெளியேற்றினால் மீண்டும் உலகத் தொடர். முதலில் வந்த ஜானி பென்ச் பந்தை வலப்பக்கம் தூக்கி அடித்தார். அந்தப் பக்கத்தைக் காத்து நின்றவர் கிளெமெந்தே. பின்னோக்கி ஓடினார். பந்து அவர் தலைக்குமேல் வேலியைத் தாண்டிப் போனது. 3-3. அடுத்த இருவரும் ஹிட் எடுத்தார்கள். பந்து வீச்சாளரை மாற்றி பாப் மூஸ் என்பவரைக் கொண்டுவந்தார்கள். செசார் ஜெரோனிமோ அடித்த பந்து மறுபடியும் வலப்பக்கம் உயர்ந்தது. இதைக் கிளெமெந்தே பிடித்துவிட்டார். ஒருவர் வெளியேறினார். ஆனால் பந்து தொலைவில் பிடிக்கப்பட்டதால், இரண்டாம் தளத்தில் நின்ற ஜார்ஜ் ஃபாஸ்டர் மூன்றாம் தளத்துக்கு ஓடிவிட்டார். ஆட்டக்காரராக கிளெமெந்தேயின் கையுறையில் விழுந்த கடைசிப் பந்து அதுதான். அடுத்தவரும் வெளியேறினார். இன்னும் ஒருவர். மூஸ் வீசிய பந்து தரையில் குத்தி எழுந்து, பந்தைப் பிடிக்க வேண்டிய மேனி சங்கியேனுக்கு எட்டாமல் பின்னால் ஓடியது. ஃபாஸ்டர் ஓடி வந்து தளத்தைத் தொட்டார். 4-3. ஆட்டம் முடிந்தது, தொடர் முடிந்தது.

கிளெமெந்தே அப்போது மைதானத்தின் வலக்கோடியில் நின்றுகொண்டிருந்தார். கையில் மட்டை இல்லை, பந்து இல்லை. அந்தக் கடைசி நொடியில் அவர் செய்வதற்கு ஒன்றுமே இருக்கவில்லை. பெரிய வீரர்களின் கடைசி ஆட்டம் என்றால் நாம் ஒரு பெரிய அடியை எதிர்பார்க்கிறோம். இவருக்கு அப்படி அமையவில்லை. அது கடைசி ஆட்டம் என்றும் அன்று யாருக்கும் தெரியாது.

அவ்வாண்டு நவம்பரில் நிக்காராகுவா நாட்டின் தலைநகர் மனாகுவாவில் நடந்த அமெச்சூர் உலகப் போட்டிக்குப் புவெர்ட்டோ ரிக்கோ குழுவின் நிர்வாகியாக அவர் சென்று வந்தார். டிசம்பர் 23ஆம் நாள் அதே மனாகுவா நிலநடுக்கத்தில் தரைமட்டமானது. ஆயிரக்கணக்கானோர் மாண்டனர். கிளெமெந்தே தம் ஊரில் நிவாரணக் குழுவை முன்னின்று நடத்தினார். வானொலியிலும் தொலைக்காட்சியிலும் வேண்டுகோள் விடுத்தார், பொருள்களைத் திரட்டினார். ஆனால் அனுப்பிய பொருள்கள் மக்களைச் சேரவில்லை, சொமோசா ஆட்சியின் படையினர் கைப்பற்றிக்கொள்கிறார்கள் என்று செய்தி வந்தது. தாமே நேரில் போனால் தொட மாட்டார்கள் என்று எண்ணினார்.

1972 டிசம்பர் 31, ஆண்டின் கடைசி இரவு. ஊரே புத்தாண்டுக் கொண்டாட்டத்தில் இருந்தபோது சான் ஹுவான் விமான நிலையத்திலிருந்து ஒரு பழைய டிசி-7 சரக்கு விமானம் புறப்பட்டது. அனுமதிக்கப்பட்ட எடையைவிட ஏறத்தாழ 1,900 கிலோகிராம் அதிகம் ஏற்றப்பட்டிருந்தது. ஏறிய சற்று நேரத்திலேயே கடலில் விழுந்தது. உள்ளே இருந்த ஐவரும் மாண்டனர். கிளெமெந்தேயின் உடல் கிடைக்கவே இல்லை.

பிட்ஸ்பர்க்கிலிருந்து சக வீரர்கள் எல்லாரும் நினைவு வழிபாட்டுக்கு வந்தார்கள். ஒருவர் மட்டும் வரவில்லை. பனாமாக்காரரான மேனி சங்கியேன், கிளெமெந்தேயைத் தேடிக் கடலில் முக்குளித்துக்கொண்டிருந்தார். இரண்டரை மாதங்களுக்கு முன்பு மூஸின் பந்தைத் தடுக்க முடியாமல் போன அதே சங்கியேன்.

புகழ் மண்டபத்தில் ஒருவரைச் சேர்க்க, ஆட்டத்தை விட்டு ஐந்து ஆண்டுகள் கழிய வேண்டும் என்பது விதி. கிளெமெந்தேக்காக அந்த விதியைத் தளர்த்தினார்கள். 1973 ஆகஸ்டு மாதம் அவர் சேர்க்கப்பட்டார். லத்தீன் அமெரிக்க வீரர்களில் அவரே முதலாமவர். சமூகத் தொண்டு செய்யும் வீரருக்கு ஆண்டுதோறும் வழங்கப்படும் விருதுக்கும் அதே ஆண்டில் அவருடைய பெயர் சூட்டப்பட்டது. பைரேட்ஸ் குழு அவர் அணிந்த 21ஆம் எண்ணை வேறு யாருக்கும் கொடுப்பதில்லை என்று முடிவெடுத்தது.

அந்த எண்ணுக்கு ஒரு விளக்கம் உண்டு. ஸ்பானிய வழக்கில் தந்தை வழிப் பெயருக்குப் பின் தாய் வழிப் பெயரும் வரும். தாயார் லூயிசாவின் குடும்பப் பெயர் வாக்கர். ஆகவே முழுப்பெயர் ரொபெர்த்தோ கிளெமெந்தே வாக்கர். அதை ஸ்பானியத்தில் எழுதினால் 21 எழுத்துகள். அதனால்தான் அவர் அந்த எண்ணைத் தேர்ந்தெடுத்தார் என்பார்கள். புகழ் மண்டபத்தில் 1973இல் பதித்த வெண்கலப் பலகையிலோ அமெரிக்க வழக்கப்படி ரொபெர்த்தோ வாக்கர் கிளெமெந்தே என்று பொறித்துவிட்டார்கள். தாயின் பெயர் நடுவில் போய் நின்றது. 2000ஆம் ஆண்டில் அந்தப் பலகையை எடுத்துவிட்டு, பெயரைச் சரியான வரிசையில் பொறித்த புதிய பலகையை வைத்தார்கள்.